சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? மைக் வரிசை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

சாயங்காலம் மாரியம்மன் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஆட்டோ ஹாரன் இடப்பக்கம், சுண்டல்காரர் தட்டும் கரண்டிச் சத்தம் எதிரே, பின்னால் யாரோ செருப்பை இழுத்து நடக்கிறார்கள். இத்தனையையும் பார்க்காமலே சொல்லிவிடுகிறோம். ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் வந்துசேரும் நேரத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்தை மூளை கணக்குப் போடுகிறது. காது கண்டுபிடிக்கும் வழிகளில் முக்கியமானது இதுதான். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு வினாடியில் சுமார் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான்.

மைக் வரிசையும் இதே வேலையைத்தான் செய்கிறது, காது இரண்டுக்குப் பதில் நாலோ எட்டோ பதினாறோ. முதல் உலகப் போரில் கண்ணுக்குத் தெரியாத பீரங்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, லாரன்ஸ் பிராக் என்ற இயற்பியலாளர் மைக்குகளைத் தள்ளித்தள்ளி நட்டு, வெடிச்சத்தம் ஒவ்வொன்றுக்கும் வந்த நேரத்தைப் படச்சுருளில் பதிந்து பார்த்தார். அன்று அதற்கு ஒரு ராணுவப் பிரிவே தேவைப்பட்டது. இன்று வீட்டு மேசையில் செய்யலாம்.

நான் மதுரையில் மோட்டார், பம்பு பழுது பார்க்கிற தொழிலில் இருக்கிறேன். எந்த பேரிங் கத்துகிறது என்று தெரிந்தால்தான் எனக்கு வேலை. அதற்காகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மென்பொருளைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள். அது கடைசி வேலை. இஞ்ச் டேப், தெர்மாமீட்டர், விரல் நகம் இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் இரண்டே மைக்

எட்டு மைக் வாங்கி ஒரே நாளில் கோர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டில் தொடங்குங்கள். ஐஎன்எம்பி441 என்ற டிஜிட்டல் மைக் பலகை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மைக்கிலிருந்து வருவதை வாங்கிப் பதிய இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று வேண்டும். இரண்டு மைக்கையும் ஒரே ஐ2எஸ் கம்பிகளில், அதாவது டிஜிட்டல் ஒலியைக் கொண்டுபோகும் கம்பிகளில், சேர்த்து மாட்டலாம். ஒரு மைக்கின் எல்/ஆர் காலை கிரவுண்டிலும் இன்னொன்றின் காலைப் பவரிலும் சொருகினால், ஒன்று இடது சேனலாகவும் மற்றது வலது சேனலாகவும் வரும்.

இப்படி மாட்டச் சொல்வதற்குக் காரணம் கிளாக். இரண்டும் ஒரே கடிகாரத் துடிப்பில் ஓடுகின்றன. ஒலியின் திசையைக் காட்டுவது நேர வித்தியாசம்தான் என்பதால், இரண்டு மைக்கும் இரண்டு கடிகாரத்தில் ஓடினால் எல்லாம் வீண். இரண்டு செல்போனைத் தள்ளித்தள்ளி வைத்துப் பதிந்து அப்புறம் சேர்த்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம், சரி. ஆனால் போன் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே பத்து நிமிடத்தில் 12 மில்லி வினாடி விலகிவிடும். அந்த நேரத்தில் ஒலி நாலு மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. பக்கத்து மாமரத்தில் இருக்கும் குயில் எதிர்வீட்டு மாடிக்கு வந்துவிடும்.

இரண்டு மைக்கையும் ஒரு மரச்சட்டத்தில் 20 செ.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். பலகையின் ஓரத்தை அளக்கக் கூடாது. மைக்கின் ஒலித்துளை இருக்கும் இடத்திலிருந்து அடுத்த துளை வரை அளக்க வேண்டும். இந்த மைக்கில் துளை அடிப்பக்கம் இருக்கிறது. திருப்பி ஒட்டிவிட்டால் துளையே அடைபட்டுப் போகும்.

வெயிலையும் அளக்க வேண்டும்

பாடப்புத்தகத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரிக்கு. மதுரையில் 20 டிகிரி எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்? கணக்கு எளிது: 331.3 உடன், வெப்பநிலையை 0.606 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 35 டிகிரியில் 352.5 மீட்டர். சித்திரை மாதத்து 38 டிகிரியில் 354 மீட்டருக்கு மேல்.

மூன்று சதவீத வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். நேர் எதிரே இருக்கும் சத்தத்துக்கு இது பாதகமில்லை. ஆனால் 60 டிகிரி பக்கவாட்டில் இருக்கும் சத்தத்தை 57 டிகிரி என்றும், 75 டிகிரியில் இருப்பதை 69 என்றும் காட்டிவிடும். ஆறு டிகிரி என்றால் பத்து மீட்டர் தள்ளி ஒரு மீட்டர். பக்கத்து மெஷினைக் கழற்றிவிடுவீர்கள். அதனால் மைக்குக்குப் பக்கத்திலேயே, நிழலில், ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வெப்பநிலையை நோட்டில் எழுதுங்கள்.

நகத்தால் தட்டுங்கள்

பதிவு தொடங்கியதும் முதல் மைக்கை விரல் நகத்தால் மெல்ல ஒரு முறை தட்டுங்கள். இரண்டாவதை இரண்டு முறை. மூன்றாவது இருந்தால் மூன்று முறை. கணினித் திரையில் எந்தச் சேனல் துள்ளுகிறது என்று பாருங்கள். ஒன்றாம் சேனல் ஒரு துள்ளல், இரண்டாம் சேனல் இரண்டு துள்ளல் என்று வந்தால்தான் மேலே போகலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் எட்டு மைக் சட்டம் செய்தபோது மூன்றாவது வயரும் ஆறாவது வயரும் இடம் மாறிவிட்டன. சத்தம் வரும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம் அழகாகத்தான் வந்தது. சிவப்புப் பொட்டு ஒன்று, மெஷினே இல்லாத வெறும் சுவரில். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். வயர் மாறினால் மென்பொருள் பிழை என்று சொல்லாது, நம்பிக்கையோடு தப்பான இடத்தைக் காட்டும். அன்றிலிருந்து தட்டாமல் எந்தப் பதிவையும் நான் தொடங்குவதில்லை.

திசை எப்படி வருகிறது

ஒலியை ஒரு முறை அளந்து எடுக்கும் எண்ணுக்குச் சாம்பிள் என்று பெயர். வினாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பதிந்தால், ஒரு சாம்பிள் நேரத்தில் ஒலி ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. ஒரு சத்தம் வலது மைக்கைவிட இடது மைக்குக்குப் பத்து சாம்பிள் தாமதமாக வந்தது என்று வையுங்கள். அதாவது இடது மைக் 7.3 செ.மீ. கூடுதல் தூரத்தில் இருக்கிறது. இதை மைக் இடைவெளியான 20ஆல் வகுத்தால் 0.367. இந்த எண் எந்தக் கோணத்தின் சைன் மதிப்பு என்று பாருங்கள்: 21.5 டிகிரி. நேர் எதிரிலிருந்து வலப்பக்கம் 21.5 டிகிரியில் சத்தம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல், அவ்வளவுதான்.

அந்தப் பத்து சாம்பிளைக் கண்டுபிடிக்க, ஒரு சேனலை மற்றதன் மேல் நகர்த்தி நகர்த்தி எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் கிராஸ் கோரிலேஷன். நாப், கார்ட்டர் என்ற இருவர் 1976ல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய மேம்பட்ட வடிவம் ஒன்று உண்டு, ஜிசிசி ஃபாட் என்று தேடினால் கிடைக்கும். சுவர் எதிரொலி கலந்த இடங்களில் இது நன்றாக உழைக்கும். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினால் பத்துப் பதினைந்து வரி.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் குழப்பம் பாதி குறையும். எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி கண்டுபிடிக்கக் கூடியவை அல்ல. கோயில் மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவில் அடி 'டக்' என்று ஒரு கணத்தில் எழுந்து அடங்குகிறது. அதைப் பொருத்திப் பார்த்தால் ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தும், மலை உச்சி போல ஒற்றை முனை நிற்கும். நாதஸ்வரம் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அலைக்குப் பின் அதே மாதிரி அலை வந்துகொண்டே இருக்கிறது. ஒரு அலை தள்ளிப் பொருத்தினாலும் பொருந்தும், இரண்டு அலை தள்ளினாலும் பொருந்தும். எது உண்மை என்று இரண்டு மைக்கால் தீர்மானிக்க முடியாது. கோயில் மணியிலும் நாக்கு அடிபடும் முதல் கணம்தான் நமக்கு உதவும், பின்னால் நீளும் ரீங்காரம் உதவாது. அதனால் பயிற்சிக்குக் கைதட்டலில் தொடங்குங்கள். கோணமானியால் தரையில் சாக்பீஸ் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நின்று தட்டி, கணக்கு சொல்வதோடு ஒப்பிடுங்கள். இரண்டு டிகிரிக்குள் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு குறை: இரண்டு மைக் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பிரித்துச் சொல்லாது. ஒரே கோட்டில் எத்தனை மைக் அடுக்கினாலும் இதே கதைதான். மேல், கீழ் பிரிக்க மேலும் கீழுமாகவும், முன், பின் பிரிக்க முன்னும் பின்னுமாகவும் மைக் வேண்டும்.

எட்டு, பதினாறு: சத்தத்துக்குப் படம்

அடுத்த கட்டத்துக்கு ஒரே யூஎஸ்பி வயரில் பதினாறு மைக் வரும் ஆயத்தப் பலகைகள் உண்டு. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூஎம்ஏ16 அப்படி ஒன்று. காசு இல்லையென்றால், பாட்டுப் பதிவு செய்கிற நண்பரிடம் எட்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் எல்லாச் சேனலும் ஒரே கிளாக்கில் ஓடும்.

சட்டத்தை மெல்லிய பிவிசி குழாயில் செய்யலாம். முழு பிளைவுட் வேண்டாம், அதுவே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். மைக்குகளைப் புள்ளிக் கோலத்தின் புள்ளிகள்போல் சம இடைவெளியில் வைக்கும் ஆசை வரும். வைக்காதீர்கள். சம இடைவெளி, அரை அலைநீளத்தைத் தாண்டிவிட்டால் இல்லாத இடத்திலும் போலிப் பொட்டுகள் தோன்றும். 3000 ஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் ஆறு செ.மீ.கூட இல்லை. சுருள் வடிவத்தில், இடைவெளிகள் ஒன்றுக்கொன்று மாறும்படி வைத்தால் போலிகள் மங்கிப்போகும்.

படம் வருவது இப்படி. எதிரே இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஒரு கற்பனைச் சுவர் இருப்பதாக வைத்து, ஐந்து செ.மீ.க்கு ஒரு புள்ளி போடுங்கள். மொத்தம் 1681 புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒவ்வொரு மைக்குக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு தாமதம் என்று கணக்கிட்டு, அந்தத் தாமதத்தைக் கழித்து எல்லாச் சேனலையும் கூட்ட வேண்டும். சத்தம் உண்மையில் அந்தப் புள்ளியிலிருந்து வந்திருந்தால் எல்லா அலைகளும் கைகோத்து ஓங்கி நிற்கும். இல்லையென்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஓங்கி நிற்கும் புள்ளிக்குச் சிவப்பு, அடங்கியதற்கு நீலம். இதைத்தான் பீம்ஃபார்மிங் என்கிறார்கள். நீங்களே ஒரு முறை எழுதிப் பாருங்கள், அப்புறம் அகூலர் என்ற இலவச பைத்தான் தொகுப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒரு மாவு மில்லில் இதை வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய மெஷின் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒரு கீச்சுச் சத்தம் எழும். "பெரிய மோட்டார்லதாண்ணே, பேரிங் போச்சு, கழட்டிருவோம்" என்றார் மில்காரர். சட்டத்தை இரண்டு மீட்டர் தள்ளி, ஸ்டூல் மேல் நிறுத்தினோம். பெல்ட் ஓடுகிற இடம் என்பதால் வயர்களைச் சுவரோரமாகக் கட்டி, தோள் துண்டையும் கழற்றி வைத்துவிட்டேன். கீச்சு 3000 ஹெர்ட்ஸ் அருகில் இருந்தது. அந்தப் பட்டையை மட்டும் வடிகட்டிப் படம் போட்டால், பொட்டு மோட்டாருக்கு எழுபது செ.மீ. தள்ளி, சுவரோரம் மாவுப்படலம் மூடிக் கிடந்த பிளம்மர் பிளாக்கில், அதாவது தண்டைத் தாங்கும் பேரிங் கூட்டில், விழுந்தது. அவர் நம்பவில்லை. மெஷினை நிறுத்தி, மாவைத் துடைத்து, கிரீஸ் வைத்து ஓட்டினோம். கீச்சு இல்லை. "காதுக்கு மோட்டார்லதானே கேட்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தகர ஷெட்டுக்குள் எல்லாப் பக்கமும் சத்தம் மோதித் திரும்பும்போது, பெரிதாகக் கண்ணுக்குத் தெரிகிற மெஷினைத்தான் மனசு குற்றவாளியாக்குகிறது.

சின்னச் சட்டத்தால் முடியாதது

பொட்டின் அகலம் அலைநீளத்தைப் பொறுத்தது. அலைநீளத்தைச் சட்டத்தின் அகலத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். 60 செ.மீ. சட்டம், இரண்டு மீட்டர் தூரம், 3000 ஹெர்ட்ஸ் என்றால் பொட்டு சுமார் 40 செ.மீ. அகலம். அதன் நடுவைக் குறித்தால் போதும். அதே சட்டத்துக்கு 500 ஹெர்ட்ஸ் சத்தம் இரண்டேகால் மீட்டருக்கு மேல் பரவிய மேகம்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். அதன் அலைநீளம் மூன்றரை மீட்டர். அதைத் தேட இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பேரிங் கூட்டில் வைத்துப் பிடியைக் காதில் வைப்பார்களே, அந்த வேலைக்கு அதுதான் சரி.

வெட்டவெளியில்

சத்தம் தேடும் ஆசை வந்துவிட்டால் பறவைகளை விட்டுவைக்க மாட்டீர்கள். மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பாறை முகடுகளில் வல்லூறுகள் வாழ்கின்றன. அங்கே பாறைதான் நமக்குச் சிக்கல். கருங்கல் முகடு சத்தத்தைக் கொஞ்சமும் விழுங்காமல் திருப்பித் தரும். பறவை ஒரு பக்கம் கத்த, எதிரொலி இன்னொரு பக்கம் வலுவாக வரலாம். நேரடியாக வருவதுதான் எப்போதும் முதலில் வரும். அதனால் சத்தத்தின் முதல் சில மில்லி வினாடிகளை மட்டும் வெட்டி எடுத்துக் கணக்குப் போடுங்கள். யானைமலை, சமணர் மலை அடிவாரத்திலும் இதே எச்சரிக்கை.

தூரம் தெரிய வேண்டுமென்றால் ஒரு சட்டம் போதாது. இரண்டு சட்டத்தை இருபது முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, இரண்டும் காட்டும் திசைக் கோடுகள் வெட்டும் இடத்தைக் குறியுங்கள். இங்கே ஒரு நல்ல செய்தி: ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் கிளாக் ஒன்றாக இருந்தால் போதும், இரண்டு சட்டத்துக்கும் இடையே எந்தக் கத்தல் எது என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு நேரம் ஒத்துப்போனால் சரி. ஆனால் 20 மீட்டர் இடைவெளியில் நின்று 60 மீட்டர் தள்ளிய மயிலைக் குறித்தால், இரண்டு டிகிரி பிழை குறுக்கே இரண்டு மீட்டராகவும், தூரத்தில் அதைப்போலப் பல மடங்காகவும் விரியும். இடம் இருந்தால் சட்டங்களை இன்னும் தள்ளி வையுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மைக் என்ன செய்யும்? காற்று துளையில் அடிக்கும் இரைச்சல் மைக்குக்கு மைக் வேறுவேறாக இருப்பதால், சேனல்களைக் கூட்டும்போது ஓரளவு அடங்கும். பதினாறு மைக்குக்கு 12 டெசிபல் வரை லாபம். ஆனாலும் ஒவ்வொரு மைக்குக்கும் நுரைப்பஞ்சுத் தொப்பி மாட்டுங்கள், அதிகாலையில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கூடு இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் போக வேண்டாம். பதிந்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையைத் தூண்டவும் வேண்டாம்.

எவ்வளவு சத்தம்?

எங்கே என்பது தெரிந்தபின் எவ்வளவு என்ற கேள்வி வரும். ஐஎன்எம்பி441 மைக்குக்கு 94 டெசிபல் சத்தம் வந்தால், டிஜிட்டல் உச்சத்துக்கு, அதாவது பதிவில் வரக்கூடிய அதிகபட்ச அளவுக்கு, 26 டெசிபல் கீழே எண் வர வேண்டும். 50 கீழே வந்தால் 70 டெசிபல். ஆனால் மைக்குக்கு மைக் சில டெசிபல் மாறும் என்பதால், அளவு சொல்லும் முன் சரியாக 94 டெசிபல் சத்தம் எழுப்பும் கேலிப்ரேட்டர் வைத்தோ, நல்ல சத்தமானிக்குப் பக்கத்தில் வைத்தோ ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும்.

பின்னணியைக் கழிக்காமல் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். மெஷின் ஓடும்போது 70, நிறுத்தியபின் தெருச் சத்தம் 65 என்றால், மெஷினின் பங்கு 5 அல்ல, 68.3 டெசிபல். டெசிபலை நேரடியாகக் கழிக்கக் கூடாது, ஆற்றலாக மாற்றிக் கழித்து மீண்டும் டெசிபல் ஆக்க வேண்டும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஓயாமல் வண்டி போகும் சாலைக்கு அது 3தான். சந்துக்குள் இரண்டு கணக்கும் பொய்த்துப்போகும், அங்கே நின்றுதான் அளக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே 50, 40. நாம் வீட்டில் செய்த மைக் சட்டத்தின் எண்ணைப் புகாராக எழுதிக் கொடுக்க முடியாது, அதற்குச் சான்று பெற்ற கருவி வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் போடும் படத்தை மில்காரரிடமோ ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடமோ காட்டலாம். "உங்க மில்லால தூக்கம் போச்சு" என்று போய் நின்றால் சண்டைதான் வரும். "இந்த ஜன்னல் பக்கத்து எக்ஸாஸ்ட் ஃபேன்தாண்ணே, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று படத்தோடு போய்ச் சொல்லுங்கள், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே கூட வருவார்.